மீண்டு வந்த சேனாபதியும் பிளவுண்ட இரசிகரும்: திருகோணமலையிலிருந்து ஒரு நோக்கு

1996 மே 9 ஆம் திகதி வெளிவந்த ‘இந்தியன்’ திரைப்படத்தின் நாயகரான சேனாபதி, இருபத்தெட்டு ஆண்டுகளின் பின்னர், 2024 யூலை 12 ஆம் திகதி வெளிவந்த ‘இந்தியன் 2’ மூலம் மீண்டும் திரையில் தோன்றினார். இரு படங்களையும் நெறியாண்டவர் ஷங்கர். இரண்டிலும் சேனாபதியாக நடித்தவர் கமல்ஹாசன். முதற்படம் பெற்ற பெருவெற்றியையும் இரண்டாவது படம் அளித்த ஏமாற்றத்தையும் வாசகர் அறிவர். திருகோணமலைத் துறைமுகப் பகுதியின் தேநீர்க்கடைகளிலும் முடிதிருத்தும் நிலையங்களிலும் இப்படம் பற்றி எழுந்த வாதம், படம் திரையை விட்டு அகன்ற பின்னரும் ஓயவில்லை. அவ்வாதத்தின் உள்ளடக்கம் யாது, அதன் எல்லைகள் எவை என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சேனாபதியை அதிமானுட நாயகர் எனக் கொள்ளலாமா என்ற வினா முதலில் எழக்கூடும். அவர் வேற்றுலகத்திலிருந்து வந்தவரல்லர், வானிற் பறப்பவருமல்லர். எனினும் இரு விரல்களால் மனித உடலை முடக்கும் வர்மக்கலை, முதுமையாற் குன்றாத உடல்வலு, மரணத்தின் வாயிலிருந்து தப்பும் ஆற்றல், சட்டம் செய்யத் தவறியதைத் தனித்து நின்று செய்துமுடிக்கும் உறுதி ஆகியன அவரை அவ்வரிசையிலேயே நிறுத்துகின்றன. அமெரிக்கத் திரையில் 1978 இல் தொடங்கி 1987 இல் நான்காம் படத்துடன் நின்றுபோன சூப்பர்மேன் தொடரின் நாயகனை 2006 இல் மீட்டெடுத்தபோதும், பழைய நினைவைப் போற்றியோரும் புதியதை எதிர்பார்த்தோரும் முரண்பட்டு நின்றனர். மீட்டெடுக்கப்படும் நாயகன் எங்கும் இரு தலைமுறைகளுக்கிடையே நிறுத்தப்படுகிறான். எனினும் எந்தச் சமூகம், எந்தத் தேவைக்காக அவனை மீண்டும் அழைக்கிறது என்பது இடத்துக்கிடம் வேறுபடுவதாகும்.

இரசிகரின் வாதத்தை முதலில் நோக்குவோம். ஒரு சாரார் படத்தை முற்றாக நிராகரிப்பவர். சுஜாதாவின் வசனம் இல்லை என்பர். அவர் 2008 இல் மறைந்துவிட்டார். ஏ. ஆர். ரகுமானின் இசை இருந்த இடத்தில் அனிருத்தின் இசை ஒட்டவில்லை என்பர். மூன்று மணிநேர நீளம் தாங்கவில்லை என்பர். வெளியீட்டின் பின்னர் பன்னிரண்டு நிமிடங்களளவில் வெட்டப்பட்டதைச் சான்றாகக் காட்டுவர். விடுதலைப் போரிற் கலந்துகொண்டவருக்கு இன்று நூறு வயதைக் கடந்திருக்குமே எனக் கணக்குப் பார்த்து நகைப்பர். மறுசாரார், படம் அவசரப்பட்டுத் தீர்ப்பளிக்கப்பட்டது என்பர். இலஞ்சம் ஒழியாதவரை சேனாபதியின் தேவையும் ஒழியாது என்பது அவர்தம் வாதம். படத்தின் முடிவிற் காட்டப்பட்ட மூன்றாம் பாகத்துக்கான முன்னோட்டத்தைச் சுட்டி, கதை இன்னும் முடியவில்லை என்றும் கூறுவர். பொதுவாக, முதற்படத்தை இளமையிற் பார்த்தவர் முதல் அணியிலும், அதனைத் தொலைக்காட்சியில் மட்டும் கண்ட இளைஞர் இரு அணிகளிலும் காணப்படுகின்றனர்.

இக்குறைகளிற் பல உண்மையானவையே. ஆயினும் வயதுக் கணக்கு போன்றவை முக்கியமானவையல்ல. காவிய மாந்தருக்கு வயதில்லை என்பதைத் தமிழ் இரசிகன் கூத்து மேடையிலிருந்தே அறிவான். நாம் கேட்கவேண்டிய வினா வேறு: முதற்படத்தில் இரசிகனைப் பிணித்தது எது, இரண்டாம் படத்தில் அது எங்கே போயிற்று?

முதற்படத்தின் வலிமை வர்மக்கலையில் இருக்கவில்லை. அது சேனாபதி கொடுத்த விலையில் இருந்தது. தீக்காயமுற்ற மகள் உயிருக்குப் போராடும் வேளையிலும் இலஞ்சம் கொடுக்க மறுத்து, அவர் அவளை இழக்கிறார். வாகனங்களைப் பரிசோதிக்கும் பதவியை அடைந்த மகன் சந்துரு, இலஞ்சம் பெற்றுக்கொண்டு பழுதான பேருந்துக்குச் சான்றளிக்கிறான். பள்ளிச் சிறுவர் மாள்கின்றனர். அம்மகனைத் தந்தை தன் கையாலேயே கொல்கிறார். நீதிக்காகத் தன் வீட்டையே இழக்கும் மனிதரின் துன்பியல் அது. தந்தை, மகன் ஆகிய இரு பாத்திரங்களையும் ஒருவரே ஏற்று நடித்தமை இத்துன்பியலுக்கு மேலும் ஆழமூட்டியது. அவ்வாண்டுக்கான சிறந்த நடிகருக்குரிய இந்திய தேசிய விருதைக் கமல்ஹாசன் பெற்றமை பொருத்தமானதே.

இரண்டாம் படத்தில் இவ்வுறவு தலைகீழாகின்றது. சித்திரா அரவிந்தன் என்னும் இளைஞனும் அவனது நண்பர்களும் இணையத்தில் ஊழலை அம்பலப்படுத்துபவர்கள். தம்மால் இயலாதென உணர்ந்து, தாய்பேயில் மறைந்து வாழும் சேனாபதியைத் திரும்பி வருமாறு அழைக்கின்றனர். வந்தவர், ஒவ்வொருவரும் தத்தம் வீட்டிலிருந்தே களையெடுக்கவேண்டும் எனப் பணிக்கிறார். சித்திரா, இலஞ்ச ஒழிப்புத் துறையிலேயே பணிபுரியும் தன் தந்தையைக் காட்டிக்கொடுக்கிறான். தாய் தற்கொலை செய்துகொள்கிறாள். மற்றைய நண்பர்களின் வீடுகளும் சிதைகின்றன. சேனாபதியோ எதனையும் இழப்பதில்லை. முன்னர் நாயகர் தாமே சுமந்த விலை, இப்போது அவரை நம்பியோரின் தலையிற் சுமத்தப்படுகின்றது. அவர் ஆணையிடுபவராக, தண்டிப்பவராக, ஒற்றைச் சக்கர வண்டியிற் சாகசம் காட்டுபவராக மட்டும் எஞ்சுகிறார். இரசிகர் இசையிலும் நீளத்திலும் தேடிய குறையின் வேர் இங்கேதான் உள்ளதென நாம் கருதுகிறோம்.

படத்தில் ஒரு பகுதி மட்டும் தனித்து நோக்கத்தக்கது. ‘திரும்பி வா’ என்று அழைத்த அதே மக்கள், விலை தம் வீட்டு வாசலுக்கு வந்ததும் ‘திரும்பிப் போ’ என முழங்குகின்றனர். மீட்பனை வேண்டி நிற்கும் சமூகத்தின் உள்முரண்பாட்டைப் படம் இவ்விடத்திற் தொட்டுவிடுகின்றது. ஆனால் அதனை ஆராயவில்லை. மக்களின் நன்றியின்மை எனக் காட்டி நகர்ந்துவிடுகின்றது. வெளியீட்டின் பின்னர் இரசிகர் நடுவிலும் இதே காட்சி அரங்கேறியது. ஆண்டுக்கணக்கில் ‘வருக’ என்றோர் சில நாட்களில் ‘போதும்’ என்றனர். படம் தன் வரவேற்பைத் தானே முன்கூட்டி வரைந்து வைத்திருந்தும், அதன் பொருளை உணரவில்லை.

இப்பொருளைத் திருகோணமலையிலிருந்து நோக்கும்போது மேலும் சில உண்மைகள் புலனாகின்றன. சேனாபதி, சுபாஸ் சந்திரபோசின் இந்திய தேசிய இராணுவத்தில் இருந்தவர் என்பது கதை. அவ்விராணுவத்துக்குத் துணைநின்ற ஜப்பானியரின் விமானங்களே 1942 ஏப்ரல் 9 ஆம் திகதி, பிரித்தானியக் கடற்படைத் தளமாயிருந்த இத்துறைமுகத்தின் மீது குண்டு வீசின. பேரரசுகளின் போரில் இவ்வூர் ஓர் இலக்கு மாத்திரமே. சேனாபதியின் இராணுவமோ தனிமனிதரின் சாகசமன்று. மலாயாவின் தோட்டங்களிற் பால் வெட்டிய தமிழ்த் தொழிலாளரும், ஜான்சி ராணிப் படையில் அணிவகுத்த பெண்களும் அதன் உறுப்பினராயிருந்தனர். அக்கூட்டு வரலாற்றிலிருந்து ஒருவரை மட்டும் பிரித்தெடுத்து, ஏனையோரை மறக்கச் செய்வதே நாயக வழிபாட்டின் முதல் வேலை.

‘இந்தியன்’ என்ற சொல்லும் இங்கு எளிமையானதன்று. 1987 இல் இலங்கைக்கு வந்த இந்திய அமைதிப்படையின் இறுதித் தொகுதி 1990 மார்ச்சில் இத்துறைமுகத்திலிருந்தே கப்பலேறியது. அதன்பின் ஆறே ஆண்டுகளில், யுத்தத்தின் நடுவில், அதே பெயருடன் வந்த படத்தை இப்பகுதித் தமிழ் பேசும் மக்கள் தமதாக்கிக்கொண்டனர். ஓர் அனுமதிப்பத்திரத்துக்காகவும் சான்றிதழுக்காகவும் கந்தோர் வாசலிற் காத்திருந்து, மேசைக்குக் கீழே கைநீட்டக் கண்டவர்கள் அவர்கள். அவர்கள் கைதட்டியது தேசபக்திக்கன்று. அக்கையைத் தட்டிவிட்ட கிழவருக்கு. இரசிகன் கொடுத்ததை அப்படியே விழுங்குபவன் என்ற கருத்துக்கு இது தக்க மறுப்பாகும். தனக்கு வேண்டியதை அவன் தெரிந்தெடுக்கிறான்.

இலஞ்சத்தைக் குறித்து இப்பகுதி மக்கள் பெற்ற பெரும் பாடம் திரையில் வரவில்லை. 2022 இல் வீதியில் வந்தது. சீனன்குடாவிலே, பிரித்தானியர் அமைத்த 99 தாங்கிகளைக் கொண்ட எண்ணெய்க் குதம் உண்டு. அவற்றுள் 61 தாங்கிகளை இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனமும் இந்திய எண்ணெய் நிறுவனத்தின் இலங்கைக் கிளையும் கூட்டாக அபிவிருத்தி செய்வதற்கு அவ்வாண்டு ஜனவரியில் உடன்படிக்கை செய்யப்பட்டது. சில மாதங்களுள் நாடெங்கும், அக்குதத்தின் அயலிலுங்கூட, மக்கள் எரிபொருளுக்காக வரிசையில் நின்றனர். மே 9 ஆம் திகதி பதவி துறந்த பிரதமர் மகிந்த ராஜபக்ச மறுநாட் காலை அழைத்துவரப்பட்ட இடமும் திருகோணமலைக் கடற்படைத் தளமே. அதன் முன்னால் மக்கள் திரண்டனர். யூலையில் ஜனாதிபதி நாட்டைவிட்டு வெளியேறிப் பதவி துறந்தார். பொருளாதார வீழ்ச்சிக்கு ஆட்சியாளர் பொறுப்பாளிகள் என 2023 நவம்பரில் உயர் நீதிமன்றமும் தீர்ப்பளித்தது.

இந்நிகழ்வுகளில் எந்தச் சேனாபதியும் இருக்கவில்லை. அப்போராட்டத்தை நாம் மிகைப்படுத்தவும் விரும்பவில்லை. தமிழ், முஸ்லிம் மக்களின் நீண்டகாலக் கேள்விகளுக்கு அது போதிய இடமளிக்கவில்லை என்ற விமர்சனம் நியாயமானது. ஆயினும் ஒன்றை அது தெளிவாக்கியது. ஊழல் என்பது தனிமனிதரின் பேராசை மாத்திரமன்று. கடன், உடன்படிக்கை, அதிகாரம், பங்கீடு ஆகியவற்றால் நெய்யப்பட்ட ஓர் அமைப்பு. அதனை இரு விரல்களால் முடக்க முடியாது. 1996 இன் இரசிகன் ஒரு கந்தோர் மேசையைக் கண்டிருந்தான். 2024 இன் இரசிகன் ஓர் அரசின் முறிவையே கண்டவன். அவனிடம், ‘உன் வீட்டைத் திருத்து’ என்று மட்டும் சொல்லும் நாயகர் சிறுத்துப்போவது இயல்பே. இரசிகன் வளர்ந்துவிட்டான், நாயகர் வளரவில்லை.

தயாரிப்பின் நிலைமையும் இங்கு கருதத்தக்கது. இலண்டனைத் தளமாகக் கொண்டு, ஈழத்தில் பிறந்த ஒருவரால் நடத்தப்படும் லைக்கா குழுமத்தின் முதலீட்டில் உருவான படம் இது. பெருமுதலீடு பல நாட்டுச் சந்தைகளை நாடும்போது, யாரையும் உறுத்தாத பொது நீதியுரையே பாதுகாப்பான சரக்காகின்றது. 2020 பெப்ரவரி 19 ஆம் திகதி சென்னைக்கு அருகிலான படப்பிடிப்புத் தளத்தில் பாரந்தூக்கி சரிந்து மூன்று பணியாளர் உயிரிழந்தனர். பழுதான பேருந்தால் மாண்ட சிறுவருக்காக மகனையே கொன்ற நாயகரின் படம் அது. நாம் செவிமடுத்த வாதங்களுள் எந்த அணியும் அம்மூவரைப் பற்றி ஒரு சொல்லேனும் கூறவில்லை. நாயகர் மீது விழும் ஒளி எவரை இருளில் விடுகிறது என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

தமிழ்ச் சினிமாவை அரசியற் தொடர்பாடலின் சாதனமாக ஆராயும் பணியைப் பேராசிரியர் கா. சிவத்தம்பி 1981 இலேயே தொடக்கிவைத்தார். எம். ஜி. ஆர். பிம்பம் உழைக்கும் மக்களிடையே வேரூன்றிய விதத்தை எம். எஸ். எஸ். பாண்டியன் 1992 இல் வெளிவந்த நூலில் விரிவாக ஆய்ந்தார். அவ்வாய்வுகள் பெரிதும் நாயகனின் வெற்றியை விளக்கின. அவனது தோல்வியையும் அதே கவனத்துடன் ஆராயவேண்டிய காலம் இது. இரசிகரை ஏளனம் செய்தல் முற்போக்கு விமர்சனத்தின் பணியன்று. தான் நேசித்த ஒன்றைக் குறைகாணத் துணியும் இரசிகன் விமர்சனத்தின் முதற்படியில் ஏறிவிட்டான். அதனைக் காத்து நிற்பவனும் நீதி வேண்டுமென்ற வேட்கையைக் கைவிடாதவனே. இருவரும் வேண்டுவது நல்ல முறையில் திரும்பிவரும் சேனாபதியை. அவர் திரும்பிவரத்தான் வேண்டுமா என்ற வினாவை அவர்கள் முன் வைப்பதே நமது கடமை.

அவ்வினாவுக்கு விடை தேடுவோர், தளத்தின் வாசலில் மக்கள் நின்ற அந்த மே மாதத்து நாளை நினைவுகூர்வார்களாக. அங்கு நின்றவருள் முதற்படத்துக்குக் கைதட்டியோரும் இருந்திருப்பர். அன்று அவர்கள் எவரையும் வருமாறு அழைக்கவில்லை, தாமே வந்திருந்தனர்.