புர்தாவும் நோயாளியின் நெஞ்சுரமும்

நோயுற்றோரின் தலைமாட்டில் கஸீதத்துல் புர்தாவை ஓதும் வழக்கம் தமிழக முஸ்லிம்களிடையே நெடுங்காலமாக இருந்து வருகிறது. ஹைதர் அலியின் தங்கை அமீருன்னிஸா பேகம் அடக்கமாகியுள்ள திண்டுக்கல் பேகம்பூர் வட்டாரத்திலும் இதனை நாம் கண்டிருக்கிறோம். இவ்வழக்கம் ஆகுமா, ஆகாதா என்ற வாதம் போதிய அளவு நடந்துவிட்டது. அக்கவிதை நோயாளியிடம் என்ன பேசுகிறது என்ற கேள்வியோ அதிகம் எழுப்பப்படவில்லை.

ஹிஜ்ரி 608இல் எகிப்தில் பிறந்த இமாம் பூஸிரி (ரஹ்) பக்கவாதத்தால் பாதி உடல் செயலிழந்த நிலையில் இதனைப் பாடினார்கள். அழுது இறைஞ்சி உறங்கியபோது, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கனவில் தோன்றித் தம் கரத்தால் தடவிப் போர்வையைப் போர்த்தினார்கள். விழித்தபோது எழும் வலிமை மீண்டிருந்தது. இமாம் கூறியதாக இப்னு ஷாகிர் அல்குதுபி பதிவு செய்துள்ள செய்தி இது.

வியப்புக்குரியது யாதெனில், பத்துப் பகுதிகளும் ஏறத்தாழ 160 அடிகளும் கொண்ட இக்கவிதையில் கவிஞரின் பக்கவாதம் ஓரிடத்திலும் பேசப்படவில்லை. முதற்பகுதியில் வரும் நோய், காதல் நோய். ஐந்தாம் பகுதியில் நபிகளாரின் கரம் பட்டுப் பிணியாளர் நலமுற்ற செய்தி வருகிறது. அங்கும் கவிஞர் தம் உடலைச் சுட்டவில்லை. இரண்டாம் பகுதியோ முழுவதும் நஃப்ஸைப் பற்றியது. பால்குடி மறவாத மகவாக அதனை உருவகித்து, நரையை உபசரிக்கப்படாத விருந்தாளியாகக் காட்டுகிறார்கள். ஒன்பதாம் பகுதியில், கவிதையிலும் பிறருக்கு ஊழியம் செய்வதிலும் கழிந்த ஆயுளுக்காக வருந்துகிறார்கள். கால் எழாத மனிதர் தம் வாழ்வுக்குக் கணக்குப் பார்க்கிறார் என்பதே இதன் பொருள். அவர்களின் நெஞ்சுரம் அங்கேதான் தொடங்குகிறது என நாம் கருதுகிறோம்.

இவ்விடத்தில் அய்யூப் (அலை) அவர்களின் வரலாறு நினைவுக்கு வருகிறது. துன்பம் தம்மைத் தீண்டியதையும் இறைவனின் கருணையையும் மட்டுமே அவர்கள் கூறினார்கள். ஸாத் அத்தியாயத்தின்படி, இறைவன் அவர்களைக் காலால் தரையை உதைக்குமாறு பணித்தான். பின்னரே குளிர்ந்த நீர் கிட்டியது. நீர் இறைவனின் கொடை. எனினும், நலிந்த மனிதரின் ஓர் அசைவும் அங்கே கேட்கப்பட்டது.

புர்தாவைக் குணமாவதற்கான உத்தரவாதமாக மட்டும் வாசிப்போர் இவ்விரண்டையும் தவறவிடுகின்றனர். அதன் விளைவு கொடியது. இமாம் ஓரிரவில் எழுந்தார்கள். பக்கவாதம் கண்ட பெரும்பாலோர் மாதக்கணக்கில் பயிற்சி செய்தே கையையும் காலையும் மீட்கின்றனர். பாதிப்புற்ற மூளை, ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வதன் வழியாகவே மீண்டும் கற்கிறது. இத்தகையவரிடம், "ஓதியும் எழவில்லையே, ஈமானில் குறையோ?" என்று கேட்பது நோயின் மேல் இன்னொரு நோயைச் சுமத்துவதாகும். சிலர் இதனால் மனமொடிந்து பயிற்சியையே கைவிடுகின்றனர்.

இமாம் தம் கவிதையைப் பாடியபோது குணமாவோம் என்பதை அறிந்திருக்கவில்லை. அறியாமலே 160 அடிகளையும் முடித்தார்கள். நோயாளி புர்தாவிடமிருந்து பெறத்தக்க பாடம் இதுவே. ஆகவே தலைமாட்டில் ஓதுவோர் பொருளையும் எடுத்துச் சொல்லட்டும். ஓதி முடித்த கையோடு, அன்றைய பயிற்சிக்கு நோயாளியின் தோளையும் தாங்கட்டும்.