கணக்குக் கேளாத நேர்மை: பிரேம்சந்தின் 'ஒன்றேகால் சேர் கோதுமை' கதையை முன்வைத்து

மரக்காணத்து உப்பளங்களில் ஐப்பசி பிறந்ததும் வேலை நின்றுவிடும். தை, மாசியில் தொடங்கிப் புரட்டாசி வரை வெயிலில் விளைந்த பாத்திகள் வடகிழக்குப் பருவமழையில் மூழ்கிப் போகும். அம்மாதங்களில் உப்பளத் தொழிலாளர் வீடுகளில் அடுப்பெரிவது பெரும்பாலும் கடனால்தான். அத்தகைய ஒரு மழை மாலையில், இந்தி எழுத்தாளர் பிரேம்சந்தின் 'ஒன்றேகால் சேர் கோதுமை' என்னும் சிறுகதையைப் பல ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் படித்தோம். குருமட நாள்களில் அதனை ஒரு பேராசைக்காரனைச் சாடும் கதையாகவே எண்ணியிருந்தோம். இம்முறை அது நம்மையும் பெயர் சொல்லி அழைத்தது.

கதை எளியது. சங்கர் என்னும் குடியானவன் வீட்டிற்கு ஒரு சாது வருகிறார். வீட்டில் இருப்பதோ வாற்கோதுமை மட்டுமே. துறவிக்கு அதனைப் படைக்கலாகாது என்று, ஊர்ப் புரோகிதரிடம் ஒன்றேகால் சேர் கோதுமை கடன் வாங்கி விருந்தோம்புகிறான். பின்னர், அறுவடையின்போது புரோகிதருக்கு வழக்கமாக அளக்கும் தானியத்தில் சற்றுக் கூடுதலாகவே அளந்துவிட்டு, கடன் தீர்ந்தது என எண்ணிக்கொள்கிறான். அதை வாய்திறந்து சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. ஏழு ஆண்டுகள் கழிகின்றன. சங்கர் தம்பியோடு பாகம் பிரிந்து கூலியாளாகிறான்; புரோகிதர் வட்டிக்காரராக வளர்கிறார். ஒருநாள் அவனை நிறுத்தி, ஐந்தரை மணங்கு கோதுமை பாக்கி என்கிறார். மணங்குக்கு 40 சேர் என்பது வடநாட்டுக் கணக்கு. ஒன்றேகால் சேர் 220 சேராகிவிட்டது! அறுபது ரூபாய்க்குப் பத்திரம் எழுதப்படுகிறது. ஓராண்டுக் காலம் வயிற்றைக் கட்டி, புகைப்பதையும் விட்டு, அறுபது ரூபாயைக் கொண்டுபோய் வைக்கிறான். வட்டி பதினைந்து ரூபாய் நிற்கிறது என்று பதில் வருகிறது. முடிவில் அவர் வீட்டிலேயே கொத்தடிமையாகி, இருபது ஆண்டுகள் உழைத்து மடிகிறான். அசல் 120 ரூபாய் அப்படியே இருக்க, மகனின் கழுத்தில் நுகம் ஏறுகிறது.

இக்கதையின் வலிமை வட்டி விகிதத்தில் இல்லை; மௌனத்தில் இருக்கிறது. சங்கர் ஏமாற்றுக்காரன் அல்லன். வாங்கியதற்கு மேல் கொடுத்தவன். ஆனால் 'என் கணக்கு என்ன?' என்று ஒருபோதும் கேளாதவன். பெரியவரிடம் கணக்குக் கேட்பது மரியாதைக் குறைவு என்று வளர்க்கப்பட்டவன். அவனுடைய நேர்மையே அவனைக் கட்டும் கயிறாகிறது.

மற்றோர் இடத்தையும் கூர்ந்து நோக்க வேண்டும். மீதிப் பதினைந்து ரூபாய்க்குச் சங்கர் ஊரெல்லாம் அலைகிறான். புரோகிதரின் பகைக்கு அஞ்சி எவரும் தருவதில்லை. அதன்பின் அவன் சிக்கனத்தைக் கைவிடுகிறான். விட்ட புகையை மீண்டும் பிடிக்கிறான். எப்படியும் தீராத கடனுக்காக வயிற்றைக் கட்டுவதேன் என்பது அவன் எண்ணம். ஏழையின் கடனுக்கு அவனது ஊதாரித்தனமே காரணம் என்று சொல்வோர் நம்மிடையே பலர். பிரேம்சந்த் அவ்வரிசையைத் திருப்பிப் போடுகிறார். முதலில் சாவது நம்பிக்கை. சிக்கனம் அதன் பின்னரே சாகிறது.

நம்மைக் குத்திய இடம் வேறு. சங்கர் அந்த அநியாயக் கணக்குக்குப் பணிவது நீதிமன்றத்திற்கு அஞ்சியன்று, மறுமைக்கு அஞ்சி! அந்த அச்சத்தைத் தருபவரும் கடன் கொடுத்தவரும் ஒருவரே. அவர் ஒரு மதகுரு. இவ்விடத்தில் நூலை மூடி வைத்தோம்.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் இக்கரையைத் தாக்கியபின், உப்பளத்தில் கூலி செய்யும் ஒரு தாய் நம்மைத் தேடி வந்தார். கணவருக்குக் காலில் அடி; வேலையில்லை. குழுக்கடனுக்கு வாரந்தோறும் தவணை. அவர் கட்டத் தவறினால் குழுவிலுள்ள மற்றப் பெண்கள் பங்கிட்டுக் கட்ட வேண்டும். எனவே அண்டை வீட்டாரே வசூல்காரராகிவிட்டனர். தவணை வாங்க வந்தவர் விளக்கு வைத்த பின்னும் திண்ணையை விட்டு எழவில்லையாம். "சாமி, எவ்வளவு கட்டியிருக்கேன், இன்னும் எவ்வளவு பாக்கின்னு எனக்கே தெரியல" என்றார். நாம் என்ன சொன்னோம்? வாங்கியதைத் திருப்பித் தருவது ஏழாம் கட்டளையின் கடமை என்றோம். பொறுமையாய்ச் செபிக்கச் சொன்னோம். சொன்னதில் பிழையில்லை. ஆனால் அது பாதி உண்மை. கொடுத்தவனுக்கும் கடமையுண்டு என்ற மறுபாதியை நாம் சொல்லவில்லை. கோதுமை கொடுக்காமலே அந்தப் புரோகிதரின் வேலையில் ஒரு பங்கை நாம் செய்துவிட்டோம்.

கதைக்குக் குறைகளும் உண்டு. சங்கரின் மனைவி கதையின் ஓரத்திலேயே நிற்கிறாள்; கணவன் அடிமையானபின் கூலிக்குப் போகும் அவளது உள்ளம் நமக்குத் திறக்கப்படுவதில்லை. இன்றோ குழுக்கடன் பெண்ணின் பெயரில் ஏறுகிறது. வசை கேட்பதும் அவளே. இங்கே தமிழில் இராஜம் கிருஷ்ணன் ஓரடி முன்னே சென்றார். தூத்துக்குடி உப்பளத் தொழிலாளரிடையே நேரில் பழகி அவர் எழுதிய 'கரிப்பு மணிகள்' (1979) நாவலில் பாத்தியில் உழைக்கும் பெண்ணே நடுவில் நிற்கிறாள். பிரேம்சந்தின் கடன்காரர் முழுக் கொடியவர் என்பதும் நமக்கு எளிதாகப் போய்விடுகிறது. இன்று இருசக்கர வண்டியில் தவணை வாங்க வரும் இளைஞனும் ஓர் ஏழை வீட்டுப் பிள்ளையே; வசூல் குறைந்தால் அவன் பிழைப்பும் போய்விடும். அவனை வெறுத்துவிட்டால் கணக்கு முடிந்துவிடாது.

இருபது ஆண்டு அடிமைத்தனத்தைச் சட்டம் 1976-இல் ஒழித்தது. தமிழ்நாட்டில் கந்துவட்டித் தடைச் சட்டம் 2003-இல் வந்தது. அதன் பின்னும், 2017 அக்டோபரில் நெல்லை ஆட்சியர் அலுவலகத்தில் கந்துவட்டிக் கொடுமையால் ஒரு குடும்பம் பச்சிளங் குழந்தைகளோடு தீக்கிரையானதைக் கண்டோம். வலுக்கட்டாய வசூலைத் தண்டிக்கும் புதிய சட்ட முன்வரைவைத் தமிழகச் சட்டமன்றம் 2025 ஏப்ரலில் நிறைவேற்றியது. இந்திய ரிசர்வ் வங்கி 2022-இல் நுண்கடனுக்கு வகுத்த விதிகள் நம் மக்கள் அறிய வேண்டியவை. காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் தவணை கேட்டுத் தொல்லை செய்யலாகாது. வசூல் இருவரும் ஒப்பிய பொது இடத்தில் நடைபெற வேண்டும். கடன் பெற்றவர் அடுத்தடுத்து இருமுறையேனும் அங்கே வராதபோதுதான் வீட்டிற்குச் செல்லலாம். கடன் அட்டை கடன் பெற்றவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். குடும்பத்தின் மாதத் தவணைகள் அனைத்தும் சேர்ந்து அதன் வருமானத்தில் பாதியைத் தாண்டலாகாது.

இவ்விதி புதியதன்று. இணைச்சட்ட நூலின் 24-ஆம் அதிகாரம், அடகுப் பொருளை வாங்கக் கடன் கொடுத்தவன் வீட்டிற்குள் நுழையாமல் வெளியே நிற்க வேண்டும் என்று விதிக்கிறது. ஏழையின் வாசற்படிக்கு இறைவன் இட்ட காவல் அது. நாம் நாள்தோறும் குற்றங்களுக்காகப் பொறுத்தல் வேண்டும் மன்றாட்டில், மத்தேயு எழுதிய கிரேக்கச் சொல்லின் பொருள் 'கடன்கள்' என்பதே. இதைக் குருமடத்தில் கற்றோம், திண்ணையில் மறந்தோம்.

கதையைப் படித்த மறுவாரம் அந்தத் தாயை அழைத்து, கடன் அட்டைகளைக் கொண்டுவரச் சொன்னோம். மூன்று அட்டைகள் வந்தன. முதற்கடனை அடைக்க இரண்டாவது. இரண்டாவதை அடைக்க மூன்றாவது. பங்கு இல்லத்து மேசைமேல் பரப்பி, அவருடைய மகள் படிக்கப் படிக்க நாம் எழுதிக் கூட்டினோம். கடன் தீரவில்லை, அன்று ஒரு ரூபாயும் குறையவில்லை. ஆனால் எவ்வளவு என்பது தெரிந்தது. அந்தத் தாளை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு எழுந்தார்.

சங்கருக்கு அப்படியொரு தாள் கிடைக்கவில்லை. அவன் ஊரில் மேசை இல்லாமலில்லை. உடன் அமர்ந்து கூட்டிப் பார்க்க ஆள் இல்லை. அன்பு வாசகரே, எழுதப் படிக்கத் தெரிந்த நாம் ஒவ்வொரு பங்கிலும் இருக்கிறோம். இந்த மழைக்காலத்தில் நம் மேசையை யாருக்குத் திறந்து வைக்கப்போகிறோம்?