சக்தியின் பாவனைப் பலகை: ஒரு மதிப்பீடு

சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் உருவான 'சக்தி' நுண்செயலியை வாசகர்களில் பலர் அறிந்திருப்பர். ரிஸ்க்-ஃபைவ் என்னும் கட்டளைத் தொகுதியை அடிப்படையாகக் கொண்டது அது. இத்தொகுதியைப் பயன்படுத்த எவருக்கும் உரிமக் கட்டணம் செலுத்த வேண்டியதில்லை. 2018ஆம் ஆண்டில் சக்தியின் சில்லுகள் முதலில் இன்டெல் நிறுவனத்தின் ஆலையிலும், பின்னர் சண்டிகரிலுள்ள குறைகடத்தி ஆய்வகத்திலும் வார்க்கப்பட்டன. அதன் 'சி' வகைச் செயலியைச் சோதிக்க ஆர்ட்டி என்னும் பலகை பயன்படுகிறது. இப்பலகையின் விலை பல ஆயிரம் ரூபாய். பழனிக்குப் பக்கத்தில், மலையடிவாரத்துப் பாலசமுத்திரத்தில் இருந்துகொண்டு கணிப்பொறியியல் பயிலும் ஒரு மாணவன் அதைக் கண்ணால் காண்பதே அரிது. சென்னைக்கும் அவ்வூருக்கும் இடையே 400 கிலோமீட்டருக்கு மேல் தொலைவு.

இக்குறையைத் தீர்க்க வந்தவைதாம் பாவனைப் பொறிகள். எமுலேட்டர் என்று சொன்னால் பலருக்கும் விளங்கும். ஒரு செயலியையும் அதைச் சூழ்ந்த சாதனங்களையும் முழுக்க முழுக்க நிரலாகவே எழுதி, சாதாரணக் கணிப்பொறிக்குள் ஓடவிடும் ஏற்பாடு இது. பிரெஞ்சு நிரலாளர் ஃபாப்ரிஸ் பெல்லார் 2003இல் வெளியிட்ட கியூஎமு இவற்றுள் புகழ்பெற்றது, விலையற்றது. 2021இல் சக்தியின் 'சி' வகைப் பலகையும் அதில் சேர்க்கப்பட்டது. பழைய மடிக்கணிப்பொறி ஒன்று இருந்தால் போதும், சக்திக்கு நிரல் எழுதிப் பார்க்கலாம். இதைப் பாராட்டாமல் இருக்க முடியாது.

ஆயினும் அப்பலகையில் என்னென்ன உள்ளன என்று பார்த்தால் உற்சாகம் சற்றுத் தணிகிறது. செயலி மையம் ஒன்று, கடிகாரக் குறுக்கீடு தரும் உறுப்பு ஒன்று, வெளிச் சாதனங்களின் குறுக்கீடுகளை வரிசைப்படுத்தும் 'பிளிக்' என்னும் உறுப்பு ஒன்று, எழுத்துக்களை அனுப்பும் தொடர்முகம் ஒன்று, அவ்வளவே. உண்மையான ஆர்ட்டி பலகையில் ஈதர்நெட் வலைக்கம்பி செருகும் துளை இருக்கிறது. பாவனைப் பலகையில் வலைச் சாதனமே இல்லை. குறுக்கீடுகளைப் பற்றிக் கற்க வலைச் சாதனத்தைவிடச் சிறந்த ஆசிரியர் கிடையாது என்பதால் இக்குறை பெரிதாகப் படுகிறது.

குறுக்கீடு என்பது யாது? தெருக்குழாயில் தண்ணீர் வந்துவிட்டதா என்று ஐந்து நிமிடத்துக்கொரு முறை போய்ப் பார்க்கலாம். அல்லது ஒரு பையனைக் குழாயடியில் நிறுத்தி, வந்ததும் கூவச் சொல்லிவிட்டு நம் வேலையைப் பார்க்கலாம். இரண்டாவது வழியே குறுக்கீடு. பையன்களிலும் இரு வகையினர் உண்டு. ஒருவன், நாம் வந்து குடத்தை வைக்கும்வரை கூவிக்கொண்டே இருப்பான். மற்றவன் ஒருமுறை கூவிவிட்டு விளையாடப் போய்விடுவான். அந்நேரம் நம் காதில் விழாவிட்டால் தண்ணீர் போயிற்று. முதல்வனை மட்டக் குறுக்கீடு என்றும், இரண்டாமவனை விளிம்புக் குறுக்கீடு என்றும் கொள்ளலாம்.

வலைச் சாதனத்தின் கூவல் செயலியை எட்டுவதற்குள் மூன்று கதவுகளைக் கடக்க வேண்டும். சாதனத்தின் தடுப்புப் பதிவகம் திறந்திருக்க வேண்டும். பிளிக்கில் அதன் எண் இயக்கப்பட்டு, முன்னுரிமை சுழியத்துக்கு மேலும், குறித்த வரம்புக்கு மேலும் இருக்க வேண்டும். செயலியும் குறுக்கீட்டை ஏற்கும் நிலையில் இருக்க வேண்டும். முன்னுரிமையைச் சுழியமாகவே விட்டுவிட்டால், மற்றெல்லாம் சரியாயிருந்தும் குறுக்கீடு ஒருபோதும் வராது. கூவலைக் கேட்ட நிரல், எந்த எண் என்று பிளிக்கைக் கேட்டு, வேலையை முடித்து, 'முடிந்தது' என்று அதே எண்ணைத் திரும்ப எழுத வேண்டும். இந்தக் கடைசிப் படியை மறந்தால் முதல் பொட்டலம் மட்டும் வந்து சேரும், அப்புறம் மௌனம். மாறாக, மட்டக் குறுக்கீட்டின் காரணத்தைச் சாதனத்தில் அழிக்காமல் 'முடிந்தது' என்று எழுதினால், அதே குறுக்கீடு உடனே மீண்டும் வரும்; செயலி வேறெதுவும் செய்ய இயலாமல் அதிலேயே மூழ்கிவிடும்.

இத்தகைய பிழைகளைப் பாவனைப் பலகையில் தேடுவது இன்பமான வேலை. உண்மைப் பலகையில் செயலியை நிறுத்தினால், வலைக்கம்பி நிற்பதில்லை. பொட்டலங்கள் வந்து வழிந்துகொண்டே இருக்கும். பாவனையில் செயலி, சாதனம், கடிகாரம் அனைத்தையும் ஒருசேர நிறுத்தலாம். ஒவ்வொரு குறுக்கீட்டையும் பதிவுசெய்யச் சொல்லலாம். வந்த பொட்டலங்களைத் தனிக் கோப்பில் சேமிக்கலாம். வந்த பொட்டலங்கள் எத்தனை, நிலைப் பதிவகத்தில் பிட் எழுந்தது எத்தனை முறை, செயலி குறுக்கீடு ஏற்றது எத்தனை முறை என்று எண்ணிப் பார்த்தால், எந்தக் கதவில் வழி அடைபட்டது என்பது தெரிந்துவிடும். சக்தி மாணவன் இப்பயிற்சிக்கு, கியூஎமுவிலேயே உள்ள சைஃபைவ் நிறுவனத்தின் ரிஸ்க்-ஃபைவ் பலகையை நாட வேண்டியிருக்கிறது. அதில் கேடன்ஸ் நிறுவன வடிவமைப்பிலான 'ஜெம்' என்னும் ஈதர்நெட் உறுப்பு பாவனை செய்யப்பட்டுள்ளது.

அந்த ஜெம்மிலேயே ஒரு விந்தை உண்டு. அதன் குறுக்கீட்டு நிலைப் பதிவகம் சில சில்லுகளில் படித்தவுடன் அழியும். வேறு சிலவற்றில் எழுதினால்தான் அழியும். எந்த வகை என்று வடிவமைப்புப் பதிவகத்தைப் பார்த்து அறிந்துகொள்ளும்படி லினக்ஸின் இயக்கு நிரல் எழுதப்பட்டிருக்கிறது. படித்தால் அழியும் பதிவகத்தைப் பிழை தேடும் கருவியால் எட்டிப் பார்த்தாலே தடயம் மறைந்துவிடக்கூடும். இப்படிப்பட்ட பதிவகத்தைக் கண்டுபிடித்தவர் பிழை தேடியே பழகாதவர் போலும்!

பாவனையை எதுவரை நம்பலாம்? இங்கேதான் நம் குறையைச் சொல்ல வேண்டியிருக்கிறது. 1500 பைட் கொண்ட பொட்டலம், வினாடிக்கு 10 கோடி பிட் செல்லும் கம்பியில் வெளியேற ஏறத்தாழ 120 மைக்ரோ வினாடி ஆகும். கியூஎமுவின் ஜெம்மில் 'அனுப்பு' என்று பதிவகத்தில் எழுதும் அந்தச் செயலுக்குள்ளேயே அனுப்புதல் நிறைவேறிவிடும். நிரல் அடுத்த கட்டளைக்கு வருமுன் 'அனுப்பியாயிற்று' என்ற பிட் எழுந்து நிற்கும். இதனால் உண்மையில் ஓடும் நிரல் பாவனையில் தடுமாறுவதுண்டு. பாவனையில் ஓடும் நிரல் உண்மையில் விழுவதும் உண்டு. மேலும், கியூஎமு குறுக்கீடு வந்ததா என்று ஒவ்வொரு கட்டளைக்கும் பார்ப்பதில்லை; சில கட்டளைகளைத் தொகுப்பாக ஓட்டி, தொகுப்பின் எல்லையில்தான் பார்க்கிறது.

இவற்றைவிடப் பெரிய மறைப்பு கேஷ் நினைவகத்தைப் பற்றியது. கியூஎமுவில் கேஷ் பாவனை செய்யப்படுவதில்லை. நிரல் எழுதிய தரவு கேஷிலேயே தங்கி, வலைச் சாதனம் நினைவகத்திலிருந்து பழைய தரவை எடுத்துச் செல்வது பல உண்மைப் பலகைகளில் அன்றாடச் சிக்கல். பாவனையில் அது நேரவே நேராது. பலகையே காணாத மாணவன், தன் நிரல் பிழையற்றது என்று நம்பி வேலைக்கான நேர்காணலுக்குப் போய் உட்காருவான். அவன்மீது குற்றமில்லை. பலகையின் விளக்கக் குறிப்பில் இருப்பவை பட்டியலிடப்பட்டுள்ளன; பாவனை செய்யப்படாதவற்றுக்கும் ஒரு பட்டியல் வேண்டும்.

சக்தியின் பாவனைப் பலகையில் வலைச் சாதனம் ஒன்றை எவரேனும் சேர்க்க முன்வந்தால் அதோடு இன்னொன்றும் செய்யலாம். பொட்டலம் வெளியேறுவதைச் சில நூறு மைக்ரோ வினாடி தாமதப்படுத்தும் விசை ஒன்றை வைக்கலாம். கியூஎமுவில் கடிகாரப் பாவனை ஏற்கெனவே இருப்பதால் இது கடினமான வேலையன்று. முயன்று பார்க்கும் மாணவர்கள் மட்டக் குறுக்கீட்டைத் தாழ்த்தும் வரியிலிருந்து தொடங்குவது நலம். சாதனப் பாவனை எழுதுவோர் பெரும்பாலும் உயர்த்துவதை நினைவில் வைத்து, தாழ்த்துவதைத்தான் விட்டுவிடுகிறார்கள்.