ஊட்டியின் ‘முதல் கட்டிடம்’ எது?

எந்தச் சுற்றுலாக் கையேட்டைத் திறந்தாலும் ஸ்டோன் ஹவுஸ்தான் ‘ஊட்டியின் முதல் கட்டிடம்’ என்று இருக்கும். போன மாசம் நேர்ல போய்ப் பார்த்துட்டு வந்த பிறகு இந்த வரி இன்னும் அதிகமா உறுத்துது.

அப்போ நீலகிரி நம்ம கோயமுத்தூர் ஜில்லாவில்தான் இருந்தது. 1815 முதல் 1830 வரை கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1822-ல் இதைக் கட்ட ஆரம்பித்தார். அவருடைய முதல் மலை வீடுகூட இது கிடையாது; கோத்தகிரி பக்கம் கன்னேரிமுக்கில் 1819-லேயே ஒரு பங்களா கட்டியிருந்தார், இப்போ அது மியூசியம். மலை மக்கள் ஸ்டோன் ஹவுஸுக்கு வைத்த பேர் ‘கல் பங்களா’.

இந்தப் பேரைக் கேட்டதும், கல்லில் கட்டும் வித்தையே வெள்ளைக்காரன் கொண்டுவந்தது என்று நினைச்சிடறோம். அது தப்புங்க. நீலகிரி உச்சிகளில் இருக்கும் பழைய கல்வட்டங்களைப் பற்றி பிரீக்ஸ் எழுதிய புத்தகம் 1873-லேயே வந்துவிட்டது. தோடர் வீட்டைப் பாருங்க: மூங்கிலை வில்லா வளைச்சு, பிரம்பால கட்டி, மேலே புல் வேய்ந்த அரைப் பீப்பாய். முன்சுவர் பலகையிலோ கல்லிலோ இருக்கும். தவழ்ந்து நுழையற அளவுக்குத்தான் வாசல். 2,200 மீட்டர் உயரத்துக் குளிருக்கு அதைவிட நல்ல டிசைன் எனக்குத் தெரியல. காத்து வழுக்கிட்டுப் போகும், சூடு உள்ளேயே நிற்கும். கல் பங்களாவோ நேர்ச்சுவரும் ஜன்னலும் வெச்சு, கணப்பை நம்பி வாழற வீடு. குளிரோட ஒத்துப்போகாம, இங்கிலாந்தை நினைச்சுக் கட்டினது.

இவ்வளவு சொன்னாலும் சல்லிவன் மேல முழுசா கோபப்பட முடியல. தோடர்களிடம் நிலத்தைச் சல்லிசா வாங்கியவர் அவர்தான். அந்த நிலம் தோடர்களுக்கே சொந்தம் என்று அரசாங்கத்தோடு மல்லுக்கு நின்றவரும் அவர்தான். எங்க ஆபீஸ்லயும் இப்படி ஆட்கள் உண்டு, அது வேற கதை.

கட்டிடத்தின் பிந்தைய வாழ்க்கை எனக்குப் பிடிச்சிருக்கு. மெட்ராஸ் அரசு கோடையில் மலையேறின காலத்தில் இந்த வளாகம் செக்ரடேரியட் ஆனது. 1955-ல் கல்லூரி வந்தது. சல்லிவன் வீடு இப்போ முதல்வர் அலுவலகம். கண்ணாடிப் பெட்டிக்குள்ள வைக்காம, தினமும் கையெழுத்தும் ஃபைலுமா ஓடிட்டு இருக்கு. கையேட்டில் மட்டும் ‘முதல்’ என்பதற்கு அடுத்து ‘ஐரோப்பிய’ என்று ஒரு வார்த்தை சேர்த்தால் போதும்.