ஐந்தோடு நின்றுவிடும் பாடம்

நிரல் எழுதக் கற்பிக்கும் வகுப்பில் தற்சுழற்சிப் பாடம் வந்தால், கூடவே காரணீயப் பெருக்கமும் வந்துவிடும். ஒரு செயற்கூறு தன்னைத்தானே அழைத்துக்கொள்வதைக் காட்ட ஆசிரியர்கள் பல காலமாகக் கையாளும் உதாரணம் இது. 5! = 5 × 4 × 3 × 2 × 1. திரையில் 120 வந்ததும் பாடம் முடிந்துவிடுகிறது. இந்த வழக்கத்தில் எதை வைத்துக்கொள்ளலாம், எதைத் திருத்த வேண்டும்?

முதலில் நிறை. 5! என்றால் 5 × 4!; 4! என்றால் 4 × 3!. கணிதம் தரும் வரையறையே தற்சுழற்சியாக இருப்பதால், அதை அப்படியே நான்கு வரி நிரலாக எழுதிவிடலாம். 0! = 1 என்று காரணம் புரியாமல் மனப்பாடம் செய்த மாணவருக்கும் இங்கே தெளிவு பிறக்கிறது. 1! = 1 × 0! என்பதால் 0! ஒன்றாகத்தான் இருக்க முடியும். அந்த நிபந்தனையை எழுத மறந்தால் செயற்கூறு −1, −2 என்று நிற்காமல் இறங்கிக்கொண்டே போகும். எங்கே நிற்பது என்பதுதான் தற்சுழற்சியின் உயிர்நாடி. அதை இவ்வளவு சுருக்கமாகக் காட்டும் உதாரணம் அரிது.

ஆனால், இந்தக் கணக்குக்குத் தற்சுழற்சி தேவையே இல்லை. சாதாரண மடக்கு ஒன்று இதே வேலையைக் குறைந்த நினைவகத்தில் முடித்துவிடும். தற்சுழற்சியில் ஒவ்வொரு அழைப்பும் அடுத்ததன் விடைக்காக நினைவகத்தில் காத்திருக்கிறது. பைத்தான் வழக்கமாக 1000 அளவில் அதற்கு வரம்பு வைத்திருப்பதால், 1500! கேட்டால் பிழைச்செய்தி வரும். மடக்கோ உடனே விடை தரும். பாடம் இந்த உதாரணத்தோடு நின்றுவிட்டால், தற்சுழற்சி வெறும் வித்தை காட்டும் வேலை என்றே மாணவர் நினைத்துக்கொள்வார்.

இதைவிடப் பெரிய குறை, சிறிய எண்ணோடு நின்றுவிடுவது. 12! = 47,90,01,600. 13! = 6,22,70,20,800. சி++ மொழியில் வழக்கமான 32 பிட் முழு எண் தாங்கக்கூடிய உச்சம் 2,14,74,83,647தான். அதில் 13! கேட்டால் பெரும்பாலான கணினிகள் 1932053504 என்று காட்டும். எச்சரிக்கை எதுவும் வராது. எண்ணும் பெரியதாக இருப்பதால் யாருக்கும் சந்தேகம் எழாது. ஆனால் பெருக்கப்படும் எண்களில் 5, 10 இரண்டும் இருக்கின்றன. போதிய இரட்டை எண்களும் உண்டு. எனவே விடை இரண்டு பூஜ்ஜியங்களில் முடிந்தாக வேண்டும். இதுவோ 4இல் முடிகிறது. காரணீயப் பெருக்கத்தின் இயல்பை அறிந்த மாணவர் கணினியின் தவற்றைக் கையோடு பிடித்துவிடுவார். 64 பிட்டுக்கு மாறினாலும் 20! வரைதான் தாங்கும், 21! மறுபடியும் வரம்பை மீறிவிடும். பைத்தான் முழு எண்களுக்கு இந்த வரம்பு கிடையாது. அதை மட்டும் பழகியவர் இந்த ஆபத்தை அறியாமலே போகக்கூடும்.

ஆகவே உதாரணத்தைக் கைவிட வேண்டியதில்லை. அதை நீட்டிக்க வேண்டும். தற்சுழற்சியையும் மடக்கையும் அருகருகே எழுதச் சொல்லி, 13 வரை ஓட்டிப் பார்த்து, வந்த விடை ஏன் தவறு என்று மாணவரையே கண்டுபிடிக்க வைக்கலாம். அடுத்த வகுப்பில், கோப்புறைக்குள் கோப்புறையாக அடங்கிய கோப்புகளை எண்ணும் வேலையைக் கொடுக்கலாம். தற்சுழற்சி உண்மையிலேயே கைகொடுக்கும் இடம் அது.