ஏராவைத் தொட்ட கை

எத்தனை பேரிடம் சொல்லிவிட்டேன், இன்னும் அடங்கவில்லை! வீட்டில் சொன்னேன், ஆபீசில் சொன்னேன், திரும்பி வரும்போது பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரையும் விடவில்லை. தூத்துக்குடியில் தோணி கட்டும் இடத்துக்குப் போய்வந்தேன் சார், பாதி கட்டிய தோணியின் வயிற்றுக்குள்ளேயே இறங்கி நின்றேன்!

கொஞ்சம் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். உச்சி வெயில், உப்புக் காற்று. மணலில் அடுக்கிய கட்டைகளின்மேல் ஏறத்தாழ 100 அடி நீளத்துக்கு ஒரு மரவுடம்பு, தேரை நிலைக்கு வெளியே இழுத்து நிறுத்திய மாதிரி. மரத்தூள் வாசனையும் மீனெண்ணெய் நெடியும் கலந்து மூக்கைத் துளைக்கிறது. முதலில் கொஞ்சம் குமட்டும், ஐந்து நிமிடத்தில் பழகிவிடும், அதற்குமேல் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

மரக்கலம் கட்டும் தச்சருக்கு ஓடாவி என்று பெயர். அங்கே இருந்த மூத்த ஓடாவி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "கீழ குனிங்க தம்பி, மொதல்ல ஏராவைப் பாருங்க" என்றார். குனிந்தேன். தோணியின் அடியில், அணியத்திலிருந்து அமரம் வரை நீளமாக ஓடுகிறதே ஒரு முதுகெலும்பு, அதுதான் ஏரா. அணியம் என்றால் முன்பக்கம், அமரம் பின்பக்கம். ஏராவின் இரண்டு பக்கமும் நீளத்துக்குக் காடி வெட்டி, அந்தக் காடிக்குள் முதல் பலகையின் விளிம்பை உட்காரவைக்கிறார்கள். "வங்கு ஒடைஞ்சா மாத்திரலாம் தம்பி. ஏரா போச்சுன்னா தோணியே போச்சு." உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். வெயிலில் காய்ந்த மரம் கதகதவென்று இருந்தது, கையை எடுக்க எனக்கு மனசே இல்லை!

"வங்குன்னா என்ன அண்ணாச்சி?" என்று கேட்டதும் ஏணியைக் காட்டினார். ஏறி உள்ளே இறங்கினேன் பாருங்கள், அப்படியே வாய் பிளந்து நின்றுவிட்டேன். இரண்டு பக்கமும் விலா எலும்புகள்! ஏராவிலிருந்து கிளம்பி, வளைந்து வளைந்து மேலே போகிற தடித்தடி சட்டங்கள், அவைதாம் வங்குகள். இதற்கு நேரான மரம் ஆகாதாம். நேர்மரத்தை வளைவாக அறுத்தால் நார் குறுக்கே அறுபட்டு, அலை அடிக்கிற அடியில் அந்த இடத்திலேயே பிளந்துபோகும். அதனால் பிறவியிலேயே வளைந்து வளர்ந்த நாட்டுக் கருவேல மரமாகத் தேடிப்போய், எந்தக் கிளை எந்த வங்குக்குப் பொருந்தும் என்று நிற்கிற மரத்திலேயே கண்ணால் அளந்து எடுத்துவருகிறார்கள். கோணல் என்று நாம் ஒதுக்குகிற மரத்துக்கு இங்கே அத்தனை மவுசு!

அதற்குப் பிறகுதான் அந்தச் சத்தம். டொக், டொக், டொக்... கலப்பத்து நடக்கிறது! பலகைக்கும் பலகைக்கும் நடுவில் இருக்கிற சந்தில், எண்ணெயில் ஊறின பஞ்சுத் திரியை வைத்து, உளி மாதிரி மொண்ணையான இரும்பால் அழுத்தி, மரச்சுத்தியலால் அடித்து இறுக்குகிறார்கள், வரிசையாக நாலு பேர், நாலு சுத்தியல், ஒரே தாளம், உள்ளே நிற்கிற எனக்கோ மத்தளத்துக்குள் மாட்டிக்கொண்ட மாதிரி நெஞ்சுக்கூடு அதிர்கிறது, சந்து இறுகினதா இல்லையா என்பதை அந்தச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன் என்கிறார் ஓடாவி, தண்ணீரில் இறங்கினதும் பலகை ஊறிப் பருத்து, பஞ்சை இன்னும் நெரித்து, ஒரு சொட்டுக்கூட உள்ளே வராமல் தானே அடைத்துக்கொள்ளுமாம், அதாவது எந்தத் தண்ணீரைத் தடுக்க வேண்டுமோ அந்தத் தண்ணீரே தோணிக்குக் காவல், இதைக் கேட்டதும் எனக்குப் புல்லரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அதைச் சொல்ல எனக்கு வெட்கமே இல்லை!

கலப்பத்து என்ற சொல்லே போர்த்துக்கீசியர் வாயிலிருந்து வந்தது. 1658-இல் டச்சுக்காரர்கள் வந்து போர்த்துக்கீசியரை இந்த ஊரைவிட்டு விரட்டினார்கள், சொல்லை விரட்ட முடியவில்லை! அமரத்தில் தொங்குகிற சுக்கான் அரபிச் சொல், நங்கூரம் பாரசீகத்திலிருந்து வந்தது. நாம் மட்டும் சும்மாவா இருந்தோம்? நம்முடைய கட்டுமரம் ஆங்கிலத்துக்குப் போய், இன்று உலகமெங்கும் இரட்டை உடல் படகுக்கெல்லாம் அதுதான் பெயர். ஒரு தோணிக்குள் நின்றுகொண்டு நான் எத்தனை துறைமுகத்தைத் தொட்டுவிட்டேன், நினைத்துப் பாருங்கள்!

பாய்மரமும், பாயைத் தாங்கும் பருமலும் ஒரு காலத்தில் இந்தத் தோணிகளை ஓட்டின. இப்போது எஞ்சின்தான். ஆனாலும் சுமார் 300 டன் சரக்கை ஏற்றிக்கொண்டு, காய்கறியும் கட்டுமானச் சாமானுமாக இந்த மாதிரி மரவுடம்புகள் மாலத்தீவுக்குப் போய்வருகின்றன.

தூத்துக்குடிப் பக்கம் போனால் தோணி கட்டுகிற இடத்தை விசாரித்துப் போய்ப் பாருங்கள். அனுமதி கேட்டு, குனிந்து, ஏராவை ஒரு தடவை தொட்டுவிடுங்கள். தோணி கடலில் இறங்கிவிட்டால் ஏரா தண்ணீருக்கடியில் போய்விடும்.