தானே கழுவப் பழகும் பிள்ளை: யாழ்ப்பாணத்திலும் தமிழகத்திலும்

மலசலம் வருவதை உணர்ந்து சொல்வது, உரிய இடத்தில் குந்துவது, முடிந்தபின் தானே கழுவிக் கையையும் சவர்க்காரம் போட்டுக் கழுவுவது என்று சிறுபிள்ளை பழக வேண்டியவை மூன்று. முதல் இரண்டும் பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஒன்றரை வயதுக்கும் மூன்று வயதுக்கும் இடையில் கைவந்துவிடுகின்றன. மூன்றாவது நாலு, ஐந்து வயது வரை இழுபடும். இலங்கைத் தமிழர் வீட்டுக்கும் தமிழக வீட்டுக்கும் வேறுபாடு தெரிவது இந்த மூன்றாவதில்தான். ஈழத்தவர் பிள்ளை வளர்ப்பெல்லாம் தமிழகத்து வழக்கத்தின் பிரதி என்று அக்கரையில் சிலர் சொல்வதுண்டு. வேர் ஒன்றாக இருக்கலாம்; யாழ்ப்பாணத்தில் அது வளர்ந்த விதம் வேறு.

தொடக்கம் இரு கரையிலும் ஒன்றே. கழுத்து நின்ற குழந்தையைத் தாயோ பாட்டியோ நீட்டிய கால்களின் மேல், பாதங்களுக்கு நடுவில் வெளிக்குப் போகும்படி இருத்தி, ‘உஸ்ஸ்’ என்று ஒலி கொடுப்பார். காலையில் பால் குடித்த கையோடு இப்படி இருத்தினால் சில வாரங்களில் உடம்பு அந்த நேரத்துக்குப் பழகிவிடும். கடையில் வாங்கும் நப்பி இரு நாட்டிலும் இதைக் குறைத்துவிட்டது. ஈரம் தெரியாத பிள்ளைக்குச் சொல்ல வேண்டும் என்ற எண்ணமும் பிந்தித்தான் வரும்.

யாழ்ப்பாணத்துப் பழக்கத்தை உருவாக்கியது கிணறு. குடாநாட்டின் நிலத்தடி சுண்ணாம்புக்கல். துவாரங்களும் வெடிப்புகளும் நிறைந்த அந்தக் கல் கழிவுநீரைத் தடுக்காது, கிணற்றுக்கே கொண்டுவந்து சேர்க்கும். அதனால் கக்கூஸ் வளவின் கோடியில் இருந்தது. கிணற்றடியில் பீத்துணி அலசுவது பெருங்குற்றமாகக் கருதப்பட்டது. குழாய் வருமுன் கக்கூசுக்கு வேண்டிய தண்ணீரை வாளியில் சுமந்தே கொண்டுபோனார்கள். சுமந்த தண்ணீரைச் சிந்தாமல் கழுவப் பிள்ளையும் பழக வேண்டியிருந்தது. தாய் அரைவாளித் தண்ணீரும் பால்மாப் பேணியும் வைத்து, பிள்ளையின் பின்னால் நின்று மெல்லிய தாரையாக ஊற்றுவார். “நான் ஊத்திறன், நீங்கள் இடக்கையாலை கழுவுங்கோ குஞ்சு” என்பது வழக்கமான பேச்சு. சில வாரம் சென்றதும் பேணி பிள்ளையின் வலக்கைக்கு மாறும். பெண்பிள்ளைக்கு முன்னிருந்து பின்னாகக் கழுவ வேண்டும் என்பது முதல் நாளே சொல்லப்படும். பின்னிருந்து முன்னே கை வந்தால் மலக்கிருமி சிறுநீர்ப் பாதையை அடையும். மூன்று வயதுப் பிள்ளையை ‘நீங்கள்’ என்று அழைத்துப் பழக்கும் இந்த மரியாதை யாழ்ப்பாணத்து வளர்ப்பின் சிறந்த அம்சம். வெட்கப்படுத்தாமல் பழக்கினால் பிள்ளை அடக்கி வைக்காது. அடக்கி வைத்தால் மலம் இறுகும். இறுகியது நோவைத் தரும். நோவுக்குப் பயந்து பிள்ளை இன்னும் அடக்கும்.

தமிழகத்தில் இதைக் ‘கால் கழுவுதல்’ என்று நாசூக்காகச் சொல்கிறார்கள். ஆய், கக்கா, ஒன்னுக்கு, ரெண்டுக்கு, மூச்சா என்று வீட்டுக்கு வீடு, ஊருக்கு ஊர் பேச்சு மாறுகிறது. யாழ்ப்பாணத்தில் கக்கா, ஒண்டுக்கு, சலம். பலகையில் எழுதும்போது மலசலகூடம். தமிழகப் பலகையில் கழிப்பறை. ஒல்லாந்தர் தந்த கக்கூஸ் இரு கரைக்கும் பொது. வீட்டில் என்ன சொல்லிப் பழகியதோ அதை முன்பள்ளி ரீச்சருக்குத் தாய் முதல் நாளே தெரிவித்துவிடுவது நல்லது. பிள்ளை கேட்பது விளங்காமல் போனால் உடுப்பு நனையும்.

இலங்கையின் பலம் வீட்டுக்கு வெளியிலும் இருக்கிறது. கொக்கிப்புழுவை ஒழிக்க றொக்பெல்லர் அறக்கட்டளை 1916இல் இலங்கையில் இயக்கம் தொடங்கியபோதே கழிப்பறை கட்டுவது அதன் பகுதியாயிற்று. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு அமைந்தது. அந்த வழியில் வந்தவரே மக்கள் ‘மிட்வைப்’ என்று அழைக்கும் குடும்பநல உத்தியோகத்தர். ஏறத்தாழ 3,000 பேருக்கு ஒருவர் என்ற கணக்கில் இருக்கும் அவர் பிரசவத்தின்பின் வீடு தேடி வருவார். பிள்ளையின் நிறையைப் பதிவேட்டில் குறிப்பார். வயிற்றோட்டம் என்றால் கக்கூஸ் எங்கே, கிணறு எங்கே என்றும் பார்ப்பார். தமிழகத்தில் அவருக்கு நிகரானவர் கிராம சுகாதார செவிலியர். சமவெளியில் துணை சுகாதார நிலையம் ஒன்றுக்கு 5,000 பேர் என்பது இந்திய நியமம், சுமை கூடியது.

தமிழகத்துக்கு உரியதையும் சொல்லியாக வேண்டும். 1975இல் இந்தியாவில் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தமிழகமெங்கும் அங்கன்வாடிகளைக் கொண்டுவந்தது. பழைய பேச்சில் பால்வாடி. ஏழை வீட்டுப் பிள்ளைக்கும் உணவோடு சாப்பிடுமுன் கைகழுவும் பழக்கமும் அங்கே கிடைக்கிறது. சிறு பீங்கானும் தாழ்ந்த குழாயும் கொண்ட குழந்தைகள் கழிப்பறை பல மையங்களில் வந்திருக்கிறது. பெரியவர்களின் பீங்கானில் பிள்ளையின் கால் இரு பக்கமும் எட்டாது, விழுந்துவிடுவோம் என்று பிள்ளை பயப்படும். அந்தப் பயத்தைத் தீர்க்கும் நல்ல ஏற்பாடு இது, இலங்கை முன்பள்ளிகளும் எடுத்துக்கொள்ளத் தக்கது. ஆனால் 2011 கணக்கெடுப்பின்போது தமிழகத்தில் வளவுக்குள் கழிப்பறை இருந்த வீடுகள் 48.3 சதவீதமே. வாசலோரத்தில் இருக்கப் பழகிய பிள்ளைக்கு எங்கே போவது என்பதையே புதிதாகக் கற்பிக்க வேண்டியிருந்தது. 2014இல் தொடங்கிய தூய்மை இந்தியா இயக்கம் அந்த நிலையைப் பெரிதும் மாற்றியது. நகரத்து அடுக்குமாடிகளிலோ குழாய் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும், ஐந்து வயதுப் பிள்ளை “அம்மா, முடிஞ்சிருச்சு” என்று கூப்பிட்டுக் காத்திருப்பதைக் காணலாம். யாழ்ப்பாணத்திலும் கூப்பிடும் பிள்ளை உண்டு. அங்கே ஓடிப்போய்க் கழுவி விடுபவர் பெரும்பாலும் அம்மம்மா. தாய் பேணியைக் கையில் கொடுத்துவிட்டு வாசலில் நிற்பார்.

இரண்டு வழக்கங்களும் அருகருகே வந்த இடம் தமிழகத்தில் ஈழத்தமிழர் தங்கிய மண்டபம் முதலான அகதி முகாம்கள். பொதுக் கழிப்பறை வீட்டிலிருந்து விலகியிருக்கும் இடத்தில் பிள்ளையைத் தனியே அனுப்ப முடியாது. அத்தகைய இடங்களில் தாய் கூடவே நிற்க, பிள்ளை தானே கழுவுவதே நடைமுறைக்கு ஏற்றது. ஈழத்துத் தாய்மார் கொண்டுபோன பழக்கம் அங்கே நன்றாகவே உதவும்.

இரவு நனைப்பது வேறு விடயம். பகலில் முழுதாகப் பழகிய பிள்ளையும் ஐந்து வயதுவரை படுக்கையை நனைக்கலாம். அதற்கு அடியோ ஏச்சோ மருந்தாகாது, படுக்குமுன் சலம் போகவைப்பது உதவும். கழுவப் பழகும் பருவம் பூச்சி பரவும் பருவமும் ஆகும். நகத்தை ஒட்ட வெட்டாவிட்டால் சவர்க்காரம் போடுவது மட்டும் போதாது, புழு முட்டைகள் நகத்தடியில் தங்கும். இந்தியாவில் 2015 முதல் தேசியக் குடற்புழு நீக்க நாள் நடத்தப்படுகிறது. அங்கன்வாடியில் ஒன்று முதல் இரண்டு வயதுவரை அல்பென்டசோல் அரை மாத்திரையும் அதற்கு மேல் ஒரு மாத்திரையும் கொடுக்கிறார்கள். இலங்கையில் சிறுபிள்ளைகளுக்குப் பூச்சி மருந்து கிளினிக்கிலே கிடைக்கிறது.